சிகாகோவுக்கு டிமிக்கி கொடுக்க இரண்டு கப்பல்

மே மாதம் பிறந்தால் போதும். எங்கள் ஊர் வாட்ஸாப் குழுவில் யாராவது ஒருத்தர் கேட்டுவிடுவார்: "மில்வாக்கி போகணும். காரோட கப்பல்ல ஏறிட்டா எவ்வளவு நேரம் மிச்சமாகும்?"

ஒரு நிமிஷம்கூட மிச்சமாகாது என்று நான் எழுதுவேன். உடனே இன்னொருத்தர், "அப்புறம் எதுக்கு சார் நீங்க ரெண்டு தடவை போனீங்க?" என்று மடக்குவார். நியாயமான கேள்வி. நாலு வரியில் பதில் எழுதிப் பார்த்தேன், அடங்கவில்லை. அதனால் இந்தப் பதிவு.

நான் இருப்பது டெட்ராய்ட்டை ஒட்டிய நோவை. தமிழர்கள் நிறைய இருக்கிற ஊர்; பாதிப் பேருக்கு ஏதோ ஒரு வகையில் கார் கம்பெனி வேலை. எங்களுக்கும் விஸ்கான்சினுக்கும் நடுவில் மிச்சிகன் ஏரி கிடக்கிறது. வரைபடத்தில் பார்த்தால் நேர் மேற்கே ஒரு கோடு போட்டால் மில்வாக்கி. ஆனால் கார் அந்தக் கோட்டில் போகாது. தெற்கே இறங்கி, இந்தியானாவின் மூக்கைத் தொட்டு, சிகாகோவுக்குள் நுழைந்து வெளியேறி, மறுபடி வடக்கே ஏற வேண்டும். வடக்கு வழியும் ஒன்று உண்டு. மேக்கினா பாலத்தைத் தாண்டி மேல் தீபகற்பம் வழியாகச் சுற்றி வரலாம். அது ஒரு நாள் பயணம். இலையுதிர்காலத்தில் மரம் பார்க்கப் போகிறவர்களுக்கு மட்டும்.

ஏரி என்கிற சொல்லே இங்கே ஏமாற்றும். வடக்கு தெற்காக 307 மைல் நீளம். அகலமான இடத்தில் 118 மைல். ஆழம் 923 அடி வரை போகிறது. ஐந்து பேரேரிகளில் முழுசாக அமெரிக்காவுக்குள்ளேயே இருப்பது இது ஒன்றுதான். என் அம்மா காட்டுமன்னார்கோயில்காரர். அவருக்கு ஏரி என்றால் வீராணம். கரையில் நின்றால் எதிர்க்கரைப் பனைமரம் தெரிய வேண்டும். 2019 ஜூலையில் முதல் தடவையாக இந்தத் தண்ணீரைப் பார்த்தபோது கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் குனிந்து ஒரு கை அள்ளி வாயில் வைத்துப் பார்த்தார். "உப்பே இல்லையேடா" என்றார், யாரோ ஏமாற்றிவிட்ட மாதிரி.

காரை ஏற்றிக்கொண்டு இந்த ஏரியைக் குறுக்கே கடக்கிற கப்பல்கள் இரண்டுதான். ஒன்று, எஸ்எஸ் பேட்ஜர். மிச்சிகன் பக்கம் லுடிங்டனில் கிளம்பி விஸ்கான்சின் பக்கம் மேனிட்டவாக் போகும். சுமார் 60 மைல், 4 மணி நேரம். இன்னொன்று, லேக் எக்ஸ்பிரஸ். மஸ்கீகனில் கிளம்பி மில்வாக்கி போகும். சுமார் 80 மைல், இரண்டரை மணி நேரம். முதலாவது 1950களில் கட்டிய நிலக்கரி நீராவிக் கப்பல். இரண்டாவது 2004ல் வந்த அதிவேகக் கேட்டமரான். நம்ம கட்டுமரம் என்கிற சொல்தான் உலகம் சுற்றி கேட்டமரான் ஆகி இங்கே வந்து டீசல் குடித்துக்கொண்டிருக்கிறது. பெயர் மட்டும்தான் நம்முடையது. அது இரட்டை உடல் படகு. கட்டைகளைச் சேர்த்துக் கட்டிய மரம் அல்ல.

முதலில் கணக்கை முடித்துவிடுகிறேன். நோவையிலிருந்து மில்வாக்கிக்கு ரோட்டில், சிகாகோ நல்ல மூடில் இருந்தால், ஐந்தே முக்கால் மணி நேரம். லேக் எக்ஸ்பிரஸ் வழி: மஸ்கீகனுக்கு இரண்டே முக்கால் மணி நேர டிரைவ், துறையில் முக்கால் மணி முன்னால் நிற்க வேண்டும், தண்ணீரில் இரண்டரை, இறங்கி வெளியே வர ஒரு கால் மணி. கூட்டினால் ஆறேகால். பேட்ஜர் வழி: லுடிங்டனுக்கு மூன்றரை, காத்திருப்பு ஒன்று, தண்ணீரில் நாலு, கார் இறங்க அரை, மேனிட்டவாக்கிலிருந்து மில்வாக்கிக்கு இன்னும் ஒன்றேகால். பத்தைத் தாண்டிவிட்டது. டிக்கெட் காசு வேறு. ஆளுக்குத் தனி, காருக்குத் தனி, இரண்டு கப்பலிலும். லேக் எக்ஸ்பிரஸ் பொதுவாகக் கூடுதல் விலை. நாலைந்து பேர் குடும்பத்துக்கு எப்படிப் பார்த்தாலும் ரோட்டுப் பெட்ரோலைவிடப் பல மடங்கு.

கிராண்ட் ராபிட்ஸ்காரர்களுக்குக் கதை வேறு. அங்கிருந்து மஸ்கீகன் 40 மைல்தான். அவர்களுக்கு லேக் எக்ஸ்பிரஸும் ரோடும் கிட்டத்தட்ட சமம். சிகாகோவில் நெரிசல் இருந்தால் கப்பல் ஜெயித்துவிடும். லுடிங்டன் பக்கம் இருந்துகொண்டு கிரீன் பே, ஆப்பிள்டன், டோர் கவுண்டி என்று போகிறவர்களுக்கு பேட்ஜர் நிஜமாகவே நேரத்தை மிச்சம் பண்ணும். ஆகவே எந்தக் கப்பல் வேகமானது என்று கேட்பதே தப்பு. உங்கள் வீட்டு வாசலும் போய்ச் சேருகிற வாசலும் எங்கே என்பதை வைத்துத்தான் எதையும் சொல்ல முடியும்.

சரி, நேரமும் மிச்சமில்லை, காசும் மிச்சமில்லை என்றால் நோவைக்காரன் எதை வாங்கப் போகிறான்? சிகாகோவுக்குள் கார் ஓட்டாமல் இருப்பதை. கேரி பக்கம் நெடுஞ்சாலை 80ம் 94ம் ஒன்றாகச் சேருகிற இடத்தில், இரண்டு பக்கமும் பதினெட்டு சக்கர லாரி, நடுவில் நீங்கள், பின் சீட்டில் "பாத்ரூம் வருது" என்று ஒரு குரல். அந்த முக்கால் மணி நேரத்தை அனுபவித்தவர்களுக்கு விளக்க வேண்டாம்.

வேடிக்கை என்னவென்றால், பேட்ஜர் மாதிரிக் கப்பல்கள் பிறந்ததே அதற்குத்தான். நூறு வருஷத்துக்கும் முன்னால் சிகாகோ ரயில் யார்டுகளில் சரக்கு வண்டிகள் நாள் கணக்கில் மாட்டிக்கொண்டு கிடந்தன. மிச்சிகன் ரயில் கம்பெனிகள் யோசித்தன: சிகாகோவே வேண்டாம், ஏரிக்குக் குறுக்கே போய்விட்டால்? ரயில் பெட்டிகளையே கப்பலில் ஏற்ற ஆரம்பித்தார்கள். 1897ல் லுடிங்டனுக்கும் மேனிட்டவாக்குக்கும் நடுவில் பியர் மார்க்கெட் என்கிற எஃகுக் கப்பல் ஓடத் தொடங்கியது. கப்பலின் பின்பக்கம் திறக்கும். உள்ளே தரையில் தண்டவாளம். கரையில் இருக்கிற தண்டவாளத்தோடு அதைப் பொருத்தி, எஞ்சின் வைத்து பெட்டிகளை உள்ளே தள்ளிவிட்டு, சங்கிலி போட்டுக் கட்டி, அக்கரையில் உருவி எடுத்துக்கொள்வார்கள். நம் பக்கத்துப் போட் மெயிலில் சனங்கள் தனுஷ்கோடியில் ரயிலைவிட்டு இறங்கிக் கப்பல் ஏறித் தலைமன்னார் போனார்கள். இங்கே மனுஷர்கள் இரண்டாம்பட்சம். ரயில் பெட்டிதான் பயணி.

அந்த வம்சத்தில் கடைசிப் பிள்ளை பேட்ஜர். செசபீக் அண்ட் ஒஹாயோ ரயில்வேக்காக விஸ்கான்சினின் ஸ்டர்ஜன் பேயில் கட்டி, 1952 செப்டம்பரில் தண்ணீரில் இறக்கினார்கள். 1953 மார்ச்சில் ஓட ஆரம்பித்தது. கூடப் பிறந்தது ஸ்பார்ட்டன். அதற்கு மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் அணிப் பெயர், இதற்கு விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் அணிப் பெயர்; இரண்டு கரைக்கும் ஒவ்வொன்று. பனிக்காலத்திலும் பனிக்கட்டியை உடைத்துக்கொண்டு போகிற மாதிரி கட்டிய 410 அடி உடம்பு. அப்புறம் ரயில் சரக்கு லாரிக்குப் போனது, கம்பெனிகள் ஒன்றோடொன்று இணைந்தன, 1990 நவம்பரில் ஓட்டம் நின்றது. லுடிங்டன் ஊர்க்காரரான சார்ல்ஸ் கான்ராட் 1991ல் கப்பலை வாங்கி, பழுது பார்த்து, 1992ல் காரும் ஆட்களும் ஏற்றுகிற கப்பலாக மறுபடி ஓடவிட்டார். 2020 டிசம்பரிலிருந்து இன்டர்லேக் நிறுவனத்தின் கையில் இருக்கிறது. ஸ்பார்ட்டன் இன்றைக்கும் லுடிங்டன் துறையிலேயே கட்டிக் கிடக்கிறது. தம்பிக்கு உறுப்பு தானம் பண்ணுகிற அண்ணன் மாதிரி, உதிரி பாகங்களுக்காக.

இப்போது 2019க்கு வருகிறேன். பெரியம்மா பெண், அதாவது என் அக்கா, விஸ்கான்சினின் மேடிசனில் இருக்கிறாள். அம்மாவை அங்கே கொண்டுபோய் இரண்டு வாரம் விட வேண்டும். அவசரம் எதுவும் இல்லை. "கப்பல்ல போலாமாம்மா?" என்று கேட்டேன். "எனக்கு நீச்சல் தெரியாதே" என்றார். அதுதான் சம்மதம்.

முந்தின நாள் சாயங்காலமே லுடிங்டன் போய்விட்டோம். இதை எல்லாரும் செய்ய வேண்டும் என்பேன். காலை 9 மணிக் கப்பலுக்கு நோவையிலிருந்து விடியற்காலை நாலரைக்குக் கிளம்புவது குடும்ப அமைதிக்கு நல்லதல்ல; அது ஒரு காரணம். இன்னொரு காரணம் முக்கியமானது. சாயங்காலம் 7 மணி வாக்கில் பேட்ஜர் ஊர் திரும்புவதைப் பார்க்க வேண்டும். ஸ்டெர்ன்ஸ் பார்க் கடற்கரையிலும் (ஏரிக்கரைதான், ஆனால் வாயில் கடற்கரை என்றுதான் வருகிறது) கலங்கரை விளக்குக்குப் போகிற அலைத்தடுப்புச் சுவரிலும் ஊர்ச்சனம் கூடிவிடுகிறது. தினமும் வருகிற கப்பலுக்கு தினமும் கூட்டம்.

நாங்கள் மணலில் ஜமக்காளம் விரித்துப் புளியோதரை டப்பாவைத் திறந்தோம். தூரத்தில் முதலில் தெரிந்தது கப்பல் அல்ல, புகை. அடிவானத்தில் ஒரு பென்சில் கோடு. அதற்கு அடியில் ஒரு கறுப்புப் புள்ளி. முக்கால் மணி நேரம் அது புள்ளியாகவே இருந்தது, அப்புறம் திடீரென்று ஒரு கட்டடம். கறுப்பு அடி, வெள்ளை மேல்தட்டு. விளக்கு கோபுரத்துக்குப் பக்கத்தில் வந்ததும் சங்கு ஊதியது பாருங்கள், என் பையன் காதைப் பொத்திக்கொண்டான். உள்ளே வந்ததும் ஒரு வித்தை. பின்பக்கமாகத்தான் துறையில் நுழைய வேண்டும், ஏனென்றால் வாசல் பின்பக்கம். குறுகலான இடத்தில் நங்கூரத்தைக் கடகடவென்று இறக்கி, அதையே அச்சாக வைத்து, 410 அடிக் கப்பல் நின்ற இடத்தில் திரும்பிப் பின்னாலேயே போய்ச் செருகிக்கொண்டது. "நம்மூர் சந்துல மினி பஸ் ரிவர்ஸ் எடுக்கறவன் இவன்கிட்ட கத்துக்கணும்" என்றார் அம்மா.

மறுநாள் காலை துறையில் எங்களிடம் கார் சாவியை வாங்கிக்கொண்டார்கள். அவர்கள் ஆட்களே ஓட்டிப்போய் உள்ளே நிறுத்தினார்கள். ரயில் பெட்டி நின்ற தளத்தில் இப்போது கார்; 180 வண்டி வரை கொள்ளும், ஆட்கள் 600 பேர். வீடு மாதிரி நீளமான ஆர்வி வண்டிகளும் லாரிகளும்கூட இதில் ஏறும். காற்றாலையின் ராட்சத பாகங்களையே ஏற்றிக்கொண்டு போனதுண்டு. கப்பல் கிளம்பிவிட்டால் கரை சேருகிறவரை கார் பக்கம் போக முடியாது. மாத்திரை, ஸ்வெட்டர், மூக்குக் கண்ணாடி எல்லாம் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். அம்மாவின் பிரஷர் மாத்திரை டிக்கியில் மாட்டிக்கொண்டது. மதிய மாத்திரையை நாலு மணிக்குப் போட்டார்; தப்பு என்னுடையது.

ஜூலையிலும் தண்ணீருக்கு நடுவில் குளிரும். இதை யாரும் நம்பமாட்டார்கள், நானும் நம்பவில்லை. மேல்தட்டில் சாய்வு நாற்காலி போட்டுக் கம்பளி போர்த்திக்கொண்டு கிழவர் கிழவிகள் கிடப்பதைப் பார்த்து முதலில் சிரித்தோம். அரை மணியில் அம்மாவும் என் மனைவியின் சால்வையைப் பிடுங்கிப் போர்த்திக்கொண்டு அந்த வரிசையில் சேர்ந்துவிட்டார்.

கப்பலில் அதிர்வு என்பதே தெரியவில்லை. ஸ்கின்னர் யூனாஃப்ளோ என்கிற நீராவி எஞ்சின் இரண்டு. இந்த மாதிரி எஞ்சினில் நீராவி ஒரே திசையில் போகும். சிலிண்டரின் இரண்டு நுனியில் நுழைந்து நடுவில் வெளியேறிவிடும். நுழைந்த வழியாகவே திரும்பி வந்தால் நுனிப்பகுதி ஒவ்வொரு தடவையும் குளிர்ந்து, அதைச் சுடவைக்கவே நிறைய நிலக்கரி போய்விடும். அந்த நஷ்டத்தைக் குறைக்கச் செய்த ஏற்பாடு இது. மெக்கானிக்கல் எஞ்சினியர்கள் சங்கமே இந்த எஞ்சினை ஒரு பொறியியல் சின்னமாக அறிவித்திருக்கிறது. கார் எஞ்சின் வேலை பார்க்கிறவன் என்பதால் இதில் நான் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள். டீசல் கப்பலின் கடகடப்புக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஒரு பெரிய மிருகம் தூங்கும்போது மூச்சு விடுகிற மாதிரி.

நாலு மணி நேரம் என்ன செய்வது? பிங்கோ ஆடுகிறார்கள். பையன் இரண்டு தடவை ஆடி ஒரு சாவிக்கொத்து ஜெயித்தான். கொஞ்சம் கூடக் காசு கொடுத்தால் இரண்டு பங்க் படுக்கை உள்ள குட்டி அறை கிடைக்கும். கைக்குழந்தை இருந்தாலோ முட்டிவலிக்காரர் இருந்தாலோ அது காசுக்குத் தகும். சாப்பாட்டில் சைவக்காரர்களுக்கு அதிகம் எதிர்பார்க்க வேண்டாம், சிப்ஸும் சாலடும்தான். நடுவில் ஒரு நேரம் வருகிறது, இரண்டு கரையும் தெரியாது, நாலு பக்கமும் நீலம். என் பையன் கூகுள் மேப்பைத் திறந்து காட்டினான்: நீலத்துக்கு நடுவில் எங்கள் புள்ளி, நெடுஞ்சாலை 10ன் நடுவில் இருக்கிறோம் என்ற மாதிரி. அது விளையாட்டு இல்லை. மேற்கு ஃபார்கோவிலிருந்து மிச்சிகனின் பே சிட்டி வரை போகிற யுஎஸ் 10 ஏரிக்கரையில் அறுந்து அக்கரையில் தொடர்கிறது. 2015ல் இந்தக் கப்பல் தடத்தையே அந்தச் சாலையின் பகுதி என்று அதிகாரபூர்வமாக ஏற்றுக்கொண்டார்கள்.

பேட்ஜரைப் பற்றி இத்தனை உருகிவிட்டு இதைச் சொல்லாமல் விடுவது நேர்மையில்லை. நிலக்கரி எரித்தால் சாம்பல் வரும். அந்தச் சாம்பல் பல வருஷமாக எங்கே போனது தெரியுமா? தண்ணீரில் குழைத்து நேராக ஏரியில். ஒரு சீசனுக்கு 500 டன்னுக்கும் மேல். லட்சக்கணக்கானவர்கள் குடிக்கிற ஏரி. சுற்றுச்சூழல் துறையோடு பல வருஷ இழுபறி, வழக்கு, 2013ல் உடன்படிக்கை. 2015 சீசனிலிருந்து சாம்பலைக் கப்பலுக்குள்ளேயே சேர்த்துக் கரையில் இறக்கும்படி மாற்றிவிட்டார்கள். 2016ல் தேசிய வரலாற்றுச் சின்னம் என்கிற அந்தஸ்தும் வந்தது. அமெரிக்காவில் ஓடுகிற கடைசி நிலக்கரிப் பயணிகள் கப்பல் என்று பெருமையாக எழுதியிருப்பார்கள். புகைபோக்கியை நிமிர்ந்து பார்த்தால் எனக்கு அந்தப் பெருமையில் பாதிதான் ஒட்டுகிறது. சாம்பல் விவகாரம் தீராமல் இருந்திருந்தால் நான் ஏறியிருக்க மாட்டேன்.

மேனிட்டவாக்கில் இறங்கியபோது கடிகாரம் 12. லுடிங்டனில் 9க்குக் கிளம்பி 4 மணி நேரம் போனால் 1 ஆக வேண்டும். மிச்சிகன் கிழக்கு நேரம், விஸ்கான்சின் மத்திய நேரம், ஒரு மணி பின்னால். போகும்போது ஒரு மணி நேரம் பரிசு, வரும்போது அதைப் பிடுங்கிக்கொள்வார்கள். திரும்பும்போது நான் கார் கடிகாரத்தை மாற்ற மறந்து, கப்பல் கிளம்ப இரண்டு மணி நேரம் இருக்கும்போதே துறையில் போய் நின்றேன். யாருமே இல்லை. நமக்கு இந்தத் தப்பு நஷ்டமில்லை. விஸ்கான்சின்காரர்கள் மிச்சிகன் பக்கம் வந்து ஊர் திரும்பும்போது இதே தப்பைச் செய்தால் கப்பல் போயே போய்விடும். அக்காவிடம் இதை மூன்று தடவை சொல்லியிருக்கிறேன்.

அந்த ஒரு மணி நேரம் வீண் போகவில்லை. மேனிட்டவாக்கில் இரண்டாம் உலகப் போரில் 28 நீர்மூழ்கிக் கப்பல்கள் கட்டியிருக்கிறார்கள். கடலே இல்லாத ஊரில்! மிச்சிகன் ஏரியில் ஓட்டிப் பார்த்துவிட்டு, மிசிசிப்பி ஆற்றில் மிதவை மேல் ஏற்றிக் கடலுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே கடல்சார் அருங்காட்சியகத்தில் கோபியா என்கிற நீர்மூழ்கி நிற்கிறது, உள்ளே இறங்கிப் பார்க்கலாம்.

லேக் எக்ஸ்பிரஸ் கதை 2022 ஆகஸ்ட். மில்வாக்கிக்குப் பக்கத்தில் ப்ரூக்ஃபீல்டில் நண்பன் வீட்டுக் கிருகப்பிரவேசம். மறுநாள் விடியற்காலை முகூர்த்தம், வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் போய்ச் சேர வேண்டும். கோடை வெள்ளிக்கிழமை சாயங்காலம் சிகாகோ என்று நினைத்தாலே வயிற்றைக் கலக்கியது. பேட்ஜர் சுற்றுவழி. ஆக இதுதான்.

இது வேறு ஜாதி. அலபாமாவில் மொபைல் நகரத்து ஆஸ்டல் தளத்தில் கட்டிய 192 அடிக் கப்பல். 46 கார், கிட்டத்தட்ட 250 பேர். பேட்ஜரில் பாதி நீளம்கூட இல்லை, வேகமோ இரட்டிப்பு; மணிக்கு 40 மைல் கிட்டே. ஒரு காலத்தில் இதே தடத்தில் மில்வாக்கி கிளிப்பர் என்று ஒரு கப்பல் ஓடியது. 1970ல் அது நின்றது. அது இப்போது மஸ்கீகனில் அருங்காட்சியகமாக நிற்கிறது. 34 வருஷம் கழித்து 2004 ஜூன் 1 அன்று லேக் எக்ஸ்பிரஸ் அந்தத் தடத்தைத் திறந்தது. கோடையில் ஒரு நாளைக்கு மூன்று நடை இருப்பதால் நமக்குத் தோதான நேரத்தைத் தேர்ந்தெடுக்கலாம். பேட்ஜரில் அந்தச் சலுகை குறைவு.

காரை நாமே ஓட்டி உள்ளே வைத்தோம். உள்ளே விமானம் மாதிரி இருக்கை வரிசை, பெரிய ஜன்னல், காபி. மஸ்கீகன் கால்வாயைத் தாண்டும்போது கரையோரம் சில்வர்சைட்ஸ் நீர்மூழ்கி தெரியும், பிள்ளைகளை அந்தப் பக்கம் உட்கார வையுங்கள். அதைத் தாண்டியதும் எஞ்சின் சுருதி ஏறுகிறது, பின்னால் வெள்ளை நுரை எழும்புகிறது, மேல்தட்டில் தொப்பி நிற்காது. அவ்வளவுதான், இதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அது குறை இல்லை. பஸ்ஸைப் பற்றி நாம் பக்கம் பக்கமாகவா எழுதுகிறோம்? மில்வாக்கியில் நகரத்துக்கு ஒட்டியே இறக்கிவிட்டார்கள். அரை மணியில் நண்பன் வீடு. வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஆனால் அலை. அதைச் சொல்ல வேண்டும். மிச்சிகன் ஏரி வடக்கு தெற்காக நீண்டு கிடப்பதால், வடகாற்றோ தென்காற்றோ அடித்தால் நூற்றுக்கணக்கான மைல் தடையில்லாமல் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு வரும். கப்பல் போவதோ கிழக்கு மேற்காக. அலை விலாவில் மோதும். கடல் அலை மாதிரி நீளமாக ஏறி இறங்காது. ஏரி அலை குட்டையாக, செங்குத்தாக, ஒன்றன்பின் ஒன்றாக அடிக்கும். எங்களுக்கு அன்றைக்குத் தென்காற்று. பையனுக்குக் கிளம்புகிற அவசரத்தில் நான்தான் இரண்டு மசால் தோசை வாங்கி ஊட்டிவிட்டிருந்தேன். மீதியை எழுத வேண்டாம். எலுமிச்சம்பழத்தை முகரக் கொடுத்தது என் மனைவி, வாந்திக்கான பையைக் கொடுத்தது கப்பல் சிப்பந்தி. அந்தப் பெண் முகம் சுளிக்கவே இல்லை.

சின்ன, இலேசான, வேகமான கப்பல் அலையை வேறு மாதிரி உணரும். கனமான நீளமான கப்பல் மெதுவாக உருளும். ஆனால் பெரிய கப்பலுக்கும் ஏரி அடங்கியது என்று நினைக்காதீர்கள். 1929 அக்டோபரில் மில்வாக்கி என்கிற ரயில் கப்பல் புயலில் போய், அதிலிருந்த ஒருவர்கூடத் திரும்பவில்லை. இன்றைக்கு அப்படிப் போகவிடமாட்டார்கள், அலை அதிகமென்றால் பயணத்தையே ரத்து செய்துவிடுவார்கள். அதனால்தான் சொல்கிறேன், டிக்கெட் எடுத்தபின் வேலை முடியவில்லை. முந்தின நாள் ராத்திரி தேசிய வானிலைச் சேவையின் ஏரி முன்னறிவிப்பைப் பாருங்கள். அலை உயரத்தை அடிக்கணக்கில் போட்டிருப்பார்கள். ஒன்றிரண்டு அடி என்றால் பிங்கோ ஆடலாம். நாலு அடிக்கு மேல் என்றால் வயிற்றுக்காரர்கள் கிளம்புவதற்கு ஒரு மணி முன்னாலேயே மாத்திரை போட்டுக்கொண்டு, கப்பலின் நடுவில், கீழ்த்தட்டில் உட்கார வேண்டும். ரத்தானால் ரோட்டில் போகிற மாதிரி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். காற்று மட்டும் காரணம் இல்லை. 2023 ஜூலையில் லுடிங்டன் துறையில் ஏறுபாலத்தைத் தூக்குகிற எதிர் எடை அமைப்பு இடிந்து விழுந்து, பேட்ஜருக்கு அந்த வருஷம் முழுக்க ஓட்டமில்லாமல் போனது. மறு வருஷம்தான் வந்தது.

இன்னொன்று. இரண்டுமே குளிர்காலத்தில் ஓடாது. மே மாதம் தொடங்கி அக்டோபர் வரை என்று பொதுவாக வைத்துக்கொள்ளலாம். தேங்க்ஸ்கிவிங்குக்குக் கப்பலில் வருகிறேன் என்று யாரிடமும் வாக்கு கொடுத்துவிடாதீர்கள்.

அக்கா இதைப் படித்தால் சிரிப்பாள். அவள் எங்கள் வீட்டுக்கு வருவதானால் ரோட்டில்தான். வருகிற வழியில் சிகாகோ பக்கத்து அரோரா பாலாஜி கோயிலில் தரிசனம், கேன்டீனில் டிபன், சிகாகோவின் டெவான் தெருவில் கறிவேப்பிலை முதல் பாத்திரம் வரை. "உன் கப்பல்ல முருங்கைக்காய் கிடைக்குமா?" என்று கேட்டாள். கிடைக்காது. கோயிலும் கடையும் உங்கள் பயணத்தில் இருந்தால் சிகாகோவை வைதுகொண்டே போய்விட்டு வாருங்கள்.

என் தீர்ப்பு: குறித்த நேரத்துக்குள் மில்வாக்கியிலோ அதற்குத் தெற்கிலோ இருக்க வேண்டும், காற்று சாது, சட்டைப்பையில் காசு இருக்கிறது என்றால் லேக் எக்ஸ்பிரஸ். அப்பா அம்மா ஊரிலிருந்து வந்திருக்கிறார்கள், பிள்ளைகளுக்கு லீவு, அவசரமே இல்லை என்றால் பேட்ஜர், அதுவும் முந்தின நாள் சாயங்காலமே லுடிங்டன் போய்விட்டு. தனியாளாக வேலைக்குப் போகிறவர்கள் பேசாமல் காரில் போங்கள். ஜூலை, ஆகஸ்ட் வார இறுதிக்கு இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும். கார் இடம்தான் முதலில் தீரும். வண்டியின் நீளத்தைக் கேட்பார்கள், டிக்கெட் போட உட்காருமுன் வாசலில் போய் டேப் வைத்து அளந்துவிடுங்கள். பின்னால் சைக்கிள் மாட்டினால் அதையும் சேர்த்து.